அபெர்டேர்லயே இருக்கறதா, ஸ்க்ரான்டனுக்குக் கப்பல் ஏறறதா: 1869ல ஒரு வேல்ஸ் சுரங்கக் குடும்பத்தோட கணக்கு

1869 வேல்ஸ் சுரங்கக் குடும்பங்களுக்கு ரொம்பக் கொடுமையான வருஷம். ஜூன் மாசம் ஃபெர்ண்டேல் சுரங்கத்துல கேஸ் வெடிச்சு 53 பேர் செத்தாங்க. அதே சுரங்கத்துல ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிதான், 1867 நவம்பர்ல, 178 பேர் போயிருந்தாங்க. போதும்டா சாமி, இந்த ஊர் வேண்டாம், அமெரிக்கா போயிடலாம்னு பேச ஆரம்பிச்ச வீடுகளுக்கு மூணே மாசத்துல அடுத்த சேதி வந்துச்சு. செப்டம்பர் 6ம் தேதி பென்சில்வேனியாவுல அவொண்டேல்ங்கற சுரங்கத்துல தீப்பிடிச்சு 110 பேர் செத்துட்டாங்க, அதுல பெரும்பாலானவங்க வேல்ஸ்ல இருந்து கப்பல் ஏறிப் போனவங்க. அட்லாண்டிக் கடலுக்கு அடியில தந்தி கேபிள் போட்டு மூணு வருஷம் ஆயிருந்துச்சு, அதனால சேதி கப்பலுக்காகக் காத்திருக்கல, சீக்கிரமே வந்து சேர்ந்துடுச்சு.

நான் இந்தக் குடியேற்றக் கதைய ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன், ஒவ்வொரு தடவையும் இந்த வருஷத்துலதான் வந்து நிப்பேன். ஏன்னா பெரும்பாலும் எழுதறவங்க "பஞ்சம், வறுமை, கப்பல் ஏறிட்டாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. உண்மையில அந்த வீட்ல ராத்திரி அடுப்பு பக்கத்துல உக்காந்து புருஷனும் பொண்டாட்டியும் கணக்குப் போட்டிருப்பாங்க. அந்தக் கணக்கத்தான் இங்க போட்டுப் பாக்கறேன். தென் வேல்ஸ்ல அபெர்டேர்ங்கற கரி ஊர்ல ஒரு சுரங்கக்காரர், அவர் மனைவி, நாலு பிள்ளைங்க, மூத்தவனுக்கு 12 வயசுன்னு வெச்சுக்கலாம். அவங்க முன்னாடி நாலு வழி இருந்துச்சு: வேல்ஸ்லயே இருந்து பக்கத்து ரொந்தா பள்ளத்தாக்குக்கு மாறறது, பென்சில்வேனியாவுல ஸ்க்ரான்டன் மாதிரி ஆந்த்ரசைட்ங்கற கெட்டிக் கரி வெட்டற ஊர்களுக்குப் போறது, இன்னும் மேற்க ஒஹையோ இல்லனா அயோவா பக்கம் மென்கரிச் சுரங்கங்களுக்குப் போறது, இல்ல தென் அமெரிக்காவோட தெக்குக் கோடியில இருக்கற பட்டகோனியா.

முதல்ல காசு. லிவர்பூல்ல இருந்து நியூயார்க்குக்கு ஸ்டீமர்ல கீழ்த்தட்டு டிக்கெட் பெரியவங்களுக்கு சுமார் ஆறு கினி, அதாவது ஆறு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல, பிள்ளைங்களுக்குப் பாதி. இந்தக் குடும்பத்துக்கு நாலு முழு டிக்கெட் கணக்கு, 25 பவுண்டு வந்துடும். நல்லா வேலை ஓடற சமயத்துலயே சுரங்கக்காரர் கையில வாரத்துக்கு ஒரு பவுண்டு ஒட்டித்தான் வரும், அதுல வாடகை, ரொட்டி, மெழுகுவத்தி எல்லாம் போகணும். அப்போ இது அரை வருஷ சம்பளம். அதனால ரொம்ப ஏழையா இருந்தவங்க இந்தக் கேள்விக்குள்ளயே வரல, கொஞ்சம் சேத்து வெச்சவங்களும் அங்க ஏற்கனவே ஆள் இருந்தவங்களும்தான் யோசிக்கவே முடிஞ்சுது. இத மனசுல வெச்சுக்கங்க, கடைசில இதுக்கு மறுபடி வரேன்.

இப்போ இருக்கற இடத்துலயே இருக்கறத எடுத்துக்குவோம். இத சோம்பேறித்தனம்னு நினைக்காதீங்க, அன்னைக்கு உலகத்துலயே வேகமா வளந்த கரி ஊர்கள்ல ஒண்ணு இவங்க வீட்டுக்கு மலைக்கு அந்தப் பக்கமே இருந்துச்சு. ரொந்தாவுல 1851ல ரெண்டாயிரம் பேர் கூடக் கிடையாது, ஆடு மேயற பள்ளத்தாக்கு. 1911ல ஒன்றரை லட்சத்தத் தாண்டிடுச்சு. ஸ்டீமர் கப்பல்களுக்குப் புகை கம்மியா வர்ற கரி வேணும், அது இங்கதான் கிடைச்சுது, கார்டிஃப் துறைமுகம் வழியா உலகம் பூரா போச்சு. அயர்லாந்துல இருந்து போன அளவுக்கு வேல்ஸ்ல இருந்து ஜனங்க அமெரிக்கா போகாததுக்கு இதுதான் பெரிய காரணம். கிராமத்துல நிலம் இல்லாதவன் கடல் தாண்ட வேண்டியதில்ல, ரெண்டு நாள் நடந்தா ரொந்தாவுல வேலை. சேப்பல்னு சொல்ற சின்ன சர்ச் பக்கத்துல, அம்மா வீடு பக்கத்துல, சுரங்கத்துக்குள்ள மேஸ்திரி திட்டறது கூட நம்ம பாஷையில.

அரசியல்லயும் அப்பதான் காத்து மாறிட்டு இருந்துச்சு. 1867 சட்டத்துக்கு அப்புறம் மெர்த்தர் தொகுதியில (அபெர்டேர் அதுலதான் வரும்) ஓட்டுரிமை உள்ளவங்க ஆயிரத்து சில்லறையில இருந்து 14 ஆயிரத்துக்கு மேல எகிறிடுச்சு, 1868 தேர்தல்ல சுரங்கக்காரங்களும் இரும்பு ஆலைக்காரங்களும் சேந்து ஹென்றி ரிச்சர்ட பார்லிமெண்டுக்கு அனுப்பினாங்க. ஆக "அமெரிக்காவுல ஓட்டு கிடைக்கும், இங்க நாம ஆளே இல்ல"ங்கற பழைய வாதம் கொஞ்சம் பலம் குறைஞ்ச நேரம் அது.

ஆனா குறையும் சொல்லணும். தென் வேல்ஸ்ல சுரங்கக்காரருக்குப் பெரிய கட்டிக் கரிக்கு மட்டும்தான் கூலி. சல்லடையில போட்டு சலிச்சு, கீழ விழற சின்னக் கரிக்குக் காசு கிடையாது, ஆனா அதையும் முதலாளி வித்துக்குவார். அதே மனுஷன், அதே முதுகு, அதே வேர்வை. கரி விலை ஏறினா கூலி ஏறும், விலை இறங்கினா முதல்ல வெட்டறது கூலியத்தான், அப்புறம் ஸ்ட்ரைக், அப்புறம் கதவடைப்பு. 1871, 1873, 1875னு அஞ்சு வருஷத்துக்குள்ள மூணு பெரிய போராட்டம் வந்துச்சு. ரொந்தா கரி கேஸ் நிறைஞ்ச கரி வேற. 1856ல சிம்மர் சுரங்கத்துல 114 பேர், அப்புறம் ஃபெர்ண்டேல் ரெண்டு தடவை, பின்னாடி பக்கத்துப் பள்ளத்தாக்குகள்ல 1894ல ஆல்பியன்ல 290, 1913ல செங்கெனித்ல 439. இந்தப் பெரிய எண்கள்தான் பேப்பர்ல வரும், மேல் பாறை சரிஞ்சு ஒண்ணு ரெண்டா செத்தவங்க கணக்கு அத விட அதிகம், அது எந்தப் பேப்பர்லயும் பெருசா வராது.

சரி, ஸ்க்ரான்டன். அன்னைக்கு அமெரிக்காவுல வேல்ஸ்காரன் ஒருத்தன் கப்பல விட்டு இறங்கினா அவன் மொதல்ல கேக்கற ஊர் பேர் இதுதான். 1870ல 35 ஆயிரம் பேர் இருந்த ஊரு, அதுல ஹைட் பார்க்ங்கற மேற்குப் பக்கம் கிட்டத்தட்ட வேல்ஸ் ஊரு மாதிரியே இருந்துச்சு, சேப்பல், பாட்டுக் குழு, ஐஸ்தெட்வொட்ங்கற பாட்டு, கவிதைப் போட்டி எல்லாம். உட்டிகாவுல இருந்து 'அ திரிஹ்'னு வேல்ஸ் பாஷையிலயே பேப்பர் வந்துட்டு இருந்துச்சு, 1851ல நியூயார்க்ல ஆரம்பிச்சது.

இங்க வேல்ஸ்காரங்களுக்கு ஒரு தனி மதிப்பு இருந்துச்சு, அது எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லியாகணும். ஆந்த்ரசைட்ங்கறது கல்லு மாதிரி கெட்டிக் கரி, சாதாரணமா தீப்பிடிக்காது. அத வெச்சு இரும்பு உருக்க முடியாதுன்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தாங்க. ஸ்வான்சி பள்ளத்தாக்குல ஈனிஸ்கெட்வின் ஆலையில வேலை பாத்த டேவிட் தாமஸ் சூடான காத்த ஊதி அதச் செஞ்சு காட்டினார், 1839ல அவரக் குடும்பத்தோட பென்சில்வேனியாவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, 1840 ஜூலைல கேட்டசாக்வாவுல உலை எரிய ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் ஆழமான சுரங்கம் தோண்ட, கேஸ் எங்க தேங்கும்னு விளக்கோட சுடரப் பாத்தே சொல்ல, வெடி வெச்சு கரிய உடைக்கத் தெரிஞ்ச ஆளு வேணும்னா வேல்ஸ்ல இருந்துதான் வரணும். ஃபோர்மேன், கேஸ் பாக்கறவர், பின்னாடி அரசாங்க இன்ஸ்பெக்டர், எல்லாத்துலயும் வேல்ஸ் பேருங்கதான் நிறைய.

வேலை முறையும் வேற. அங்க மைனர்னா ஒரு சின்ன கான்ட்ராக்டர் மாதிரி. கரிக்குள்ள ஒரு அறை அவர் பொறுப்பு, அவருக்குக் கீழ ஒரு லேபரர். மைனர் துளை போட்டு, மருந்து அடைச்சு, வெடிச்சு, அன்னைக்குத் தேவையான கரிய உடைச்சுப் போட்டுட்டு மத்தியானத்துலயே கிளம்பிடலாம், லேபரர் சாயங்காலம் வரைக்கும் அள்ளிப் போடணும். வேல்ஸ்காரர் மைனர், லேபரர் பெரும்பாலும் அயர்லாந்துக்காரர். வந்த உடனே மைனர் வேலையே கிடைச்சது எவ்வளவு பெரிய விஷயம்னு நினைச்சுப் பாருங்க, ஊர்ல கத்துக்கிட்ட வேலைக்கு ஒரு நாள் கூடக் குறையாம மதிப்பு. ஆனா இதே ஏற்பாடுதான் பகையையும் வளத்துச்சு. தெக்க ஷூல்கில் பக்கம் வேல்ஸ் ஃபோர்மேன்களும் சூப்பரின்டென்டென்டுகளும் கொலையானாங்க, மாலி மகுவயர்ஸ்ங்கற ரகசியக் கூட்டத்து ஆளுங்கன்னு சொல்லி 1877ல இருந்து 1879 வரைக்கும் 20 அயர்லாந்துக்காரங்களத் தூக்குல போட்டாங்க, அந்த விசாரணைகள் நியாயமா நடந்துச்சான்னு இன்னைக்கும் பேசிட்டுத்தான் இருக்காங்க. எல்லாத்துக்கும் அடியில இருந்தது ஒரே விஷயம், ஒருத்தன் மத்தியானமே வீட்டுக்குப் போறான், இன்னொருத்தன் அவன் உடைச்ச கரிய மூணுல ஒரு பங்கு கூலிக்கு அள்ளிட்டு இருக்கான்.

இப்போ அவொண்டேல். இந்த ஒப்பீட்டுல என்னை ரொம்பக் கஷ்டப்படுத்தற இடம் இதுதான். அந்தச் சுரங்கத்துக்கு உள்ள போக, வெளிய வர, காத்து போக எல்லாத்துக்கும் ஒரே ஷாஃப்ட், அதாவது நேரா கீழ இறங்கற ஒரே குழி. அந்த ஷாஃப்ட் வாய் மேலயே கரி உடைக்கற பிரேக்கர்ங்கற பெரிய மரக் கட்டிடத்தக் கட்டியிருந்தாங்க. காத்தோட்டத்துக்காக அடியில ஒரு உலை எரிஞ்சிட்டு இருக்கும். அதுல இருந்து தீ மேல ஏறி மரம் பத்திக்கிச்சு, மொத்தக் கட்டிடமும் எரிஞ்சு அந்த ஒரே வாய்க்குள்ள விழுந்துச்சு. உள்ள இருந்த 108 பேரும் மூச்சு முட்டிச் செத்தாங்க, காப்பாத்த இறங்கின ரெண்டு பேரும் செத்தாங்க. மூணு மாச ஸ்ட்ரைக் முடிஞ்சு அப்பதான் வேலைக்குத் திரும்பியிருந்தாங்க, கையில சல்லிக்காசு இல்லாத நேரம். நிறைய பேர ஸ்க்ரான்டன்ல வாஷ்பர்ன் தெரு இடுகாட்டுல புதைச்சாங்க.

ஊர்லயே இருந்திருந்தா இது நடந்திருக்காது. உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லல, சட்டத்த வெச்சுச் சொல்றேன். 1862 ஜனவரில இங்கிலாந்துல ஹார்ட்லி சுரங்கத்துல ஒரே ஷாஃப்ட் அடைச்சுக்கிட்டு 204 பேர் உள்ளயே செத்தாங்க, அதே வருஷம் பிரிட்டன்ல எல்லா கரிச் சுரங்கத்துக்கும் ரெண்டு வழி கட்டாயம்னு சட்டம் வந்துடுச்சு. அவொண்டேல்ல செத்தவங்கள்ல ஊர்ல ரெண்டு ஷாஃப்ட் உள்ள சுரங்கத்துல இறங்கிப் பழகினவங்க இருந்திருப்பாங்க. நல்ல கூலி தேடி ஏழு வருஷம் பின்தங்கின ஒரு குழிக்குள்ள போய் இறங்கினாங்க. அவொண்டேலுக்கு அப்புறம்தான் 1870ல பென்சில்வேனியா ஆந்த்ரசைட் மாவட்டங்களுக்கெல்லாம் ரெண்டாவது வழி, இன்ஸ்பெக்டர், காத்தோட்டம்னு சட்டம் போட்டாங்க. ஆக பாதுகாப்புன்னு மட்டும் பாத்தா 1869ல வேல்ஸ்ல சட்டம் மேல, ஆனா கரி கொடியது. பென்சில்வேனியாவுல சட்டம் கீழ, அடுத்த வருஷத்துல இருந்து ஓரளவு சரியாகுது. எது சாகாத இடம்னு கேட்டா ரெண்டுமே இல்ல.

கூலிய ஏமாத்தறதுலயும் ரெண்டு பக்கமும் சளைச்சவங்க இல்ல. ஸ்க்ரான்டன் பக்கம் எடைக்குப் பதிலா வண்டிக் கணக்கு, அந்த வண்டி வருஷா வருஷம் பெருசாயிட்டே போகும், கூலி அப்படியே நிக்கும். மேல கல்லு கலந்திருக்குன்னு சொல்லி ஒருத்தர் வண்டிக்கு இவ்வளவுன்னு வெட்டிடுவார். வெடிமருந்தக் கம்பெனிகிட்டதான் வாங்கணும், பீப்பாய் 2 டாலர் 75 சென்ட், வெளிய அத விட ரொம்பக் கம்மி. இது 1900 வரைக்கும் பெரிய மனக்குறையா இருந்துச்சு. பிரிட்டன்ல 1860லயே எடை போடற இடத்துல தொழிலாளிங்க தங்க பக்கத்துல இருந்து ஒரு ஆள நிறுத்திக்கலாம்னு சட்டம் வந்துடுச்சு. கம்பெனி கடையில சீட்டுக் குடுத்து சாமான் வாங்கறதுக்கும் 1831லயே தடை, நடைமுறையில சில இடத்துல ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனா பென்சில்வேனியா சின்ன ஊர்கள்ல அளவுக்கு இல்ல.

வீடு விஷயம் தனி. ஹைட் பார்க்ல மனை வாங்கி வீடு கட்டினவங்க நிறைய பேர், சுரங்கக்காரன் சொந்த வீட்ல இருக்கறதுங்கறது பெரிய ஆசை, அது அங்க நடந்துச்சு. ஆனா பத்திரத்தப் படிக்கணும். அந்தப் பக்கத்துல மனை விக்கும்போது மேல் மண்ணு மட்டும்தான் உனக்கு, அடியில இருக்கற கரி கம்பெனிக்குன்னு எழுதிடுவாங்க, அடியில தோண்டி வீடு இறங்கினா கேக்கக் கூடாதுன்னும் எழுதிடுவாங்க. பக்கத்துல பிட்ஸ்டன்ல 1878ல எழுதின அப்படி ஒரு பத்திரம் 1922ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, கம்பெனிதான் ஜெயிச்சுது. வாழ்க்கை பூரா சேத்த வீடு, அதுக்கு அடியில அதே வீட்டுக்காரரோட கூட்டாளிங்க தோண்டிட்டுப் போவாங்க.

அந்த 12 வயசுப் பையன மறந்துடக் கூடாது. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. வேல்ஸ்ல அவன் அந்த வயசுல சட்டப்படியே குழிக்குள்ள இறங்கலாம், அப்பா கூடவே, காத்துக் கதவு திறக்கற வேலையோ அப்பாவுக்குக் கரி அள்ளறதோ. ஸ்க்ரான்டன்ல அவன் போற இடம் பிரேக்கர். மேல இருந்து கரி சரிவுல இறங்கி வரும், பசங்க அதுக்குக் குறுக்க பலகையில உக்காந்து, காலால கரியத் தடுத்து, கையால கல்லப் பொறுக்கணும். கையுறை போட விடமாட்டாங்க, வழவழன்னு கல்லு பிடிபடாதுன்னு. புதுசா வந்த பையனுக்கு முதல் வாரங்கள்ல விரல் நுனியெல்லாம் வீங்கிச் செவந்து ரத்தம் கசியும், அதுக்கு "செவப்பு நுனி"ன்னே பேர் வெச்சிருந்தாங்க. புழுதியில பக்கத்துல இருக்கறவன் முகம் தெரியாது, இரைச்சல்ல பேச்சு கேக்காது. பிரேக்கருக்கு 12 வயசு ஆகணும்னு சட்டம் வந்ததே 1885லதான், அதுக்கு முன்னாடி எட்டு ஒம்பது வயசுப் பசங்களெல்லாம் இருந்தாங்க. மூத்தவனுக்கு மட்டும் இல்ல, அவனுக்கு அடுத்தவனுக்கும் அதே பலகையில இடம் காத்திருக்கும்.

அப்புறம் எதுக்கு ஸ்க்ரான்டன்னு கேட்டா, அவனுக்குக் கீழ இருக்கற ரெண்டு பேருக்காக. பென்சில்வேனியாவுல 1834லயே இலவசப் பள்ளிக்கூடச் சட்டம் வந்தாச்சு. வேல்ஸ்ல அந்த மாதிரி 1870லதான் ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி 1847ல அரசாங்க அறிக்கை ஒண்ணு வேல்ஸ் ஜனங்க படிக்காததுக்கும் ஒழுக்கக் குறைவுக்கும் அவங்க பாஷைதான் காரணம்னு எழுதி வெச்சுது, பள்ளிக்கூடத்துல வேல்ஸ் பேசின பிள்ளை கழுத்துல மரக்கட்டைய மாட்டி விட்ட வாத்தியாருங்க இருந்தாங்க. ஸ்க்ரான்டன்ல அடுத்த தலைமுறை கிளார்க், டீச்சர், கடைக்காரர், வக்கீல்னு குழிய விட்டு வெளிய வந்துச்சு. ரொந்தாவுல கரி அவ்வளவு வேகமா வளந்ததால பையன் மட்டுமில்ல, பேரனும் குழிக்குத்தான் போனான். அந்த 12 வயசுக்காரனோட பேரன் 1920கள்ல ரொந்தாவுல வேலை இல்லாம தெருமுனையில நின்னிருப்பான். ஸ்க்ரான்டன் கரியும் கடைசில போயிடுச்சு, அது வேற விஷயம், ஆனா அது போறதுக்குள்ள அவங்க பேரங்க பெரும்பாலும் வேற வேலைக்கு நகந்துட்டாங்க.

பாஷைதான் அதுக்குக் குடுத்த விலை. சேப்பல்ல வேல்ஸ், வீட்ல வேல்ஸ், பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ், மூணாவது தலைமுறையில பாட்டு மட்டும் மிஞ்சுச்சு. ரொந்தாவுல 1901ல கூட பாதிக்கு மேல பேர் வேல்ஸ் பேசிட்டு இருந்தாங்க.

இந்தக் கவலையத் தீக்கணும்னே பொறந்தது பட்டகோனியா. வேல்ஸ்ல பாலாங்கற ஊர்ல இருந்த மைக்கேல் டி. ஜோன்ஸ் அமெரிக்காவுக்குப் போய், அங்க வேல்ஸ்காரங்க கரைஞ்சு போறதக் கண்ணால பாத்துட்டு வந்து, யாரும் இல்லாத இடத்துல நம்ம பாஷையில நம்ம ஆட்சின்னு சொன்னார். 1865 மே 28ம் தேதி மிமோசாங்கற கப்பல் லிவர்பூல்ல கிளம்புச்சு, சுமார் 150 பேர், அதுல மவுன்டன் ஆஷ், அபெர்டேர் பக்கத்து சுரங்கக்காரங்களும் இருந்தாங்க. ஜூலை 28ம் தேதி இறங்கினா நல்ல தண்ணி கிடையாது, விவசாயம் தெரிஞ்சவங்க கம்மி, சூபுட் ஆத்துக்கு வறண்ட நிலத்துல மைல் கணக்கா நடக்கணும். தெவெல்சே பழங்குடிகள் வேட்டையாடக் கத்துக் குடுத்ததாலயும் ஆத்துல இருந்து வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணி விட்டதாலயும்தான் பொழைச்சாங்க. இன்னைக்கும் அங்க வேல்ஸ் பேசறவங்க இருக்காங்க, அது எனக்கு மனசுக்கு ரொம்ப சந்தோஷம் தர்ற விஷயம். ஆனா 1869ல நாலு பிள்ளைங்கள வெச்சிருக்கற ஒரு தாய்கிட்ட இதப் போய் சொல்ல எனக்கு வாய் வராது. அங்க கரியும் இல்ல, கூலியும் இல்ல, கையில இருக்கற தொழிலுக்கு வேலையே இல்ல.

மேற்கு மென்கரி ஊர்கள் பத்தி சீக்கிரமா சொல்லிடறேன். ஒஹையோ, இல்லினாய்ஸ், அயோவா, இன்னும் தள்ளிப் போனா கலிஃபோர்னியாவுல டயப்ளோ மலை வரைக்கும் வேல்ஸ் சுரங்கக்காரங்க போனாங்க. ஈர்ப்பு என்னன்னா நிலம், 1862 சட்டப்படி 160 ஏக்கர் குடியிருந்து உழுதா சொந்தம், கொஞ்ச வருஷம் கரி வெட்டி காசு சேத்து பண்ணைக்குப் போயிடலாம்ங்கற கனவு. சில பேருக்கு நடந்துச்சு. ஆனா அந்தக் கரி குளிர்காலத்துக்குத்தான் வேணும், கோடையில வேலை இருக்காது, ஊரே ஒரு கம்பெனிய நம்பி இருக்கும். அயோவாவுல லூகாஸ்ல ஒரு வேல்ஸ் சுரங்கக்காரர் ஸ்ட்ரைக்ல நின்னதுக்காகக் கறுப்புப் பட்டியல்ல போட்டு, குடும்பத்தோட ஊர் ஊரா அலைஞ்சார். 1880ல அங்க பொறந்த அவர் பையன்தான் ஜான் எல். லூயிஸ், 1920ல இருந்து 1960 வரைக்கும் அமெரிக்க சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர். டயப்ளோ மலையில நார்டன்வில்ங்கற ஊரே இப்போ இல்ல, மலை மேல ரோஸ் ஹில் இடுகாடு மட்டும் இருக்கு. ஸ்க்ரான்டன் மாதிரி சேப்பல், சொந்தக்காரங்க, பத்து சுரங்கம் பக்கத்து பக்கத்துல இருக்கற ஊர்ல ஒரு முதலாளி வேலைய விட்டுத் தூக்கினா இன்னொரு இடம் இருக்கு, புல்வெளி நடுவுல ஒத்தைச் சுரங்க ஊர்ல அது கிடையாது.

ஆக என் முடிவு ஸ்க்ரான்டன், ஆனா அது வருஷத்தப் பொறுத்தது. 1869ல, 70ல கிளம்பினா தொழிலுக்கு முழு மதிப்பு கிடைக்கும், புதுச் சட்டமும் வந்துடும், நடுவுல 1873ல வர்ற பொருளாதாரச் சரிவத் தாங்கணும், அதுல திரும்பி வந்தவங்களும் உண்டு. 1880களுக்கு மேலன்னா நான் போகச் சொல்லமாட்டேன். அப்போ கிழக்கு ஐரோப்பாவுல இருந்து ஆள் நிறைய வந்து கூலி நெருக்கடி ஆரம்பிச்சுடுச்சு, 1889 சட்டம் வேற, ஆந்த்ரசைட் சுரங்கத்துல ரெண்டு வருஷம் வேலை பாத்தாதான் மைனர் சர்ட்டிஃபிகேட். வேல்ஸ்ல இருபது வருஷம் கரி வெட்டினவரும் முதல்ல லேபரரா அள்ளணும். அதே சமயத்துல ரொந்தா உச்சத்துக்கு ஏறிட்டு இருக்கு.

இன்னொரு கேள்வி பாக்கி இருக்கு, குடும்பமா போறதா, புருஷன் மட்டும் முன்னாடி போறதா. எல்லாரும் சேந்து போனா ஒரே தடவையில 25 பவுண்டு, அதுல வீட்டுச் சாமான் எல்லாத்தையும் வித்தாகணும், அங்க போய் வேலை சரியில்லன்னா திரும்ப வீடு இல்ல. கப்பல்ல கீழ்த்தட்டுல தனி ஆம்பளைங்க முன் பக்கம், குடும்பங்க நடுவுல, தனிப் பொண்ணுங்க பின் பக்கம். மெத்தை, தகர தட்டு, டம்ளர், தண்ணி டப்பா எல்லாம் நம்மளே வாங்கிட்டுப் போகணும், அது போதாதுன்னு லிவர்பூல் தெருவுல ஏமாத்தறவங்க வேற. பாய்மரக் கப்பல்ல அஞ்சாறு வாரம் ஆன காலம் போய் ஸ்டீமர்ல பன்னெண்டு நாள் ஒட்டி ஆயிடுச்சு, கைக்குழந்தை வெச்சிருக்கற தாய்க்கு அந்த வித்தியாசம் உயிர் போற வித்தியாசம். டிக்கெட்ல கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம்னு பாய்மரக் கப்பல்ல ஏறாதீங்கன்னுதான் சொல்வேன்.

புருஷன் மட்டும் முன்னாடி போனா ஆறு பவுண்டுல முடிஞ்சுது. நியூயார்க்ல இறங்கி ரயில் ஏறினா ஒரே நாள்ல ஸ்க்ரான்டன், சொந்தக்காரர் வீட்ல ஒரு கட்டில், சில மாசத்துல அங்கேயே பணம் கட்டி குடும்பத்துக்கு டிக்கெட் அனுப்பிடலாம், அப்படித்தான் ரொம்பப் பேர் செஞ்சாங்க. சுமையெல்லாம் மனைவி தலையில. வாடகை, நாலு பிள்ளை, காசு எப்ப வரும்னு தெரியாத மாசங்கள், லெட்டர் நின்னு போச்சுன்னா செத்தாரா, மறந்தாரான்னு தெரியாது. அதனால இந்த முடிவு மனைவி சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாத முடிவு, அவங்க அம்மா வீட்ல ஒரு வருஷம் தாங்குமான்னு முதல்ல பாக்கணும். தாங்காதுன்னா ரொந்தாவுக்கு மாறிடுங்க, அதுல ஒரு குறைச்சலும் இல்ல. தாங்கும்னா புருஷன் மட்டும், ஸ்டீமர்ல, வசந்த காலத்துல. மூத்தவனக் கூடக் கூட்டிட்டுப் போகக் கூடாது, அவன் அங்க போனா முதல் நாளே பிரேக்கர்தான்.

அதுக்கும் முன்னாடி அங்க இருக்கற சொந்தக்காரருக்கு ஒரு லெட்டர். போய் பதில் வர ஒரு மாசம் ஆகும், அந்த ஒரு மாசம் காத்திருக்கறது நல்லது. கூலி எவ்வளவுன்னு கேக்க வேண்டாம், அபெர்டேர்ல அச்சாகற 'அ குலாத்கார்வர்' பேப்பர்ல வர்ற அமெரிக்கா லெட்டர்கள்லயே அது வந்துட்டு இருக்கு, பாதி பெருமைக்கு எழுதினது. கேக்க வேண்டியது: நீங்க இறங்கற சுரங்கத்துக்கு ரெண்டாவது ஷாஃப்ட் தோண்டியாச்சா, சம்பளம் காசா கைக்கு வருதா இல்ல கம்பெனி கடையில கழிச்சுக்கறாங்களா, உங்க பசங்க இப்போ பகல்ல எங்க இருக்காங்க.